பயிற்சி எண்ணைப் பார்த்தாலே வழி தெரிந்துவிடுகிறது

கேள்வி: 14 ஜூன் 2025, கோபியிலிருந்து ஒரு வாசகர்

எம்.எட். ஆய்வேட்டுக்காக, கணக்குத் தீர்க்கக் கற்பிப்பது பற்றிய ஆராய்ச்சிப் போக்குகளை ஓர் அத்தியாயமாக எழுத வேண்டும். படிக்கப் படிக்கச் சலிப்புத்தான் வருகிறது. கணிதவியலாளர் போல்யா காலத்திலிருந்து ஒரே கதையைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரிய வேண்டும், பயிற்சி வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கருத்தரங்குக்குத் தேவைப்படும் பேச்சு என்பது என் எண்ணம். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

14 ஜூன், இரவு

மறுக்கிறேன். நான் பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு பி.டி. அசிஸ்டென்ட். ஆய்வாளர் இல்லை. பள்ளி விட்டபின் இந்தக் கட்டுரைகளைப் படிக்கிற கெட்ட பழக்கம் மட்டும் உண்டு.

ஒரே கதை மாதிரித் தெரிவதற்குக் காரணம், எல்லோரும் போல்யாவின் நான்கு படிகளில் ஆரம்பிப்பதுதான். கணக்கைப் புரிந்துகொள், வழி தேடு, செய், திரும்பிப் பார். 1945இல் சொன்னது. பி.எட். முடித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அதற்கு அப்புறம் கதை பலமுறை திசை மாறியிருக்கிறது. 1980இல் அமெரிக்கக் கணித ஆசிரியர் அமைப்பு, இந்தப் பத்தாண்டு முழுக்கப் பள்ளிக் கணக்கின் மையம் சிக்கல் தீர்த்தல்தான் என்று அறிவித்தது. உடனே புத்தகங்களில் 'படம் வரைந்து பார்', 'பட்டியல் போடு', 'விடையிலிருந்து பின்னால் வா' என்று பக்கங்கள் முளைத்தன. அவையும் கடைசியில் இன்னொரு பாடமாக, இன்னொரு பயிற்சியாக முடிந்தன.

1985இல் அமெரிக்கக் கணிதக் கல்வி ஆய்வாளர் ஆலன் ஷோன்ஃபெல்ட் வேறு மாதிரி பார்த்தார். மாணவர்களை உட்கார வைத்து, பேசிக்கொண்டே கணக்குப் போடச் சொல்லி, எந்த நிமிடத்தில் என்ன செய்கிறார்கள் என்று கோடு கிழித்துக் குறித்தார். பெரும்பாலானோர் கணக்கை ஒரு தடவை வாசித்து ஒரு வழியைப் பிடிக்கிறார்கள்; இருபது நிமிடமும் அதே வழியில் ஓடுகிறார்கள். போகிற வழி சரியா என்று நின்று பார்ப்பதே இல்லை. கணிதம் கைவந்த ஒருவரிடம் அதே சோதனை: அவர் பாதி நேரத்துக்கு மேல் கணக்கைப் புரட்டிப் பார்க்கிறார், ஒரு வழியில் சிறிது தூரம் போகிறார், விடுகிறார், திரும்புகிறார். இத்தனைக்கும் அந்த வடிவியலில் மாணவர்களுக்கு நினைவிருந்த அளவுகூட அவருக்கு நினைவில்லை.

சூத்திரமும் பயிற்சியும் போதும் என்றால், சூத்திரம் தெரிந்த பையன் ஏன் முட்டி நிற்கிறான்? ஷோன்ஃபெல்ட் கேட்டது அதுதான். பிள்ளைகள் மனதில் இருக்கும் நம்பிக்கைகளையும் அவர் கணக்கில் சேர்த்தார். முக்கியமான நம்பிக்கை: ஐந்து நிமிடத்தில் வராத கணக்கு நமக்கு வராது. இதை என் வகுப்பில் தினமும் கேட்கிறேன். "வல்லீங்க சார்" என்று பேனாவை மூடி வைக்கும் சத்தத்தோடு.

15 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை, மின்சாரம் இல்லை, ஆகவே நீளமாக எழுதுகிறேன்.

பயிற்சி போதும் என்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ஆட்டுக்காரர் கணக்கு. கர்ட் ராய்சர் 1986இல் எழுதியது. ஒரு மந்தையில் 125 ஆடு, 5 நாய். மேய்ப்பவர் வயது என்ன? பிள்ளைகள் விடை சொல்கிறார்கள். கூட்டினால் 130, அவ்வளவு வயது இருக்காது. கழித்தால் 120, அதுவும் ஆகாது. வகுத்தால் 25. சரி, 25. இப்படி ஒரு குழந்தை யோசித்தது பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்பே பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஆய்வுக்குழு ஒன்று கப்பலில் 26 செம்மறி, 10 வெள்ளாடு, கேப்டன் வயது என்ன என்று 97 பிள்ளைகளிடம் கேட்டது. 76 பேர் எண்களை எப்படியோ சேர்த்து ஒரு விடை கொடுத்தார்கள்.

நானும் ஏழாம் வகுப்பில் கேட்டேன், கண்ணபுரம் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவரை வைத்து. நோட்டில் எழுதச் சொன்னபோது பாதி வகுப்பு கூட்டியது. மாலையில் அதையே வேப்பமரத்தடியில் வாயால் கேட்டேன். கடைசி வரிசைப் பையன் சிரித்துவிட்டு, "அதை மாட்டைக் கேட்டா எப்படீங்க தெரியும், அவரோட சம்சாரத்தைக் கேக்கோணும்" என்றான். அதே பையன்தான் நோட்டில் 36 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

இன்னொன்று பேருந்துக் கணக்கு. அமெரிக்காவில் 1983இல் வெளியான தேசிய மதிப்பீட்டு முடிவுகளில் வருகிறது. 1128 ராணுவ வீரர்கள், ஒரு பேருந்தில் 36 பேர், எத்தனை பேருந்து வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 29 சதவீதம் பேரின் விடை '31, மீதி 12'. 32 என்று சொன்னவர்கள் 23 சதவீதம்தான்.

இதை எட்டாம் வகுப்பில் கொடுத்தேன், ராணுவத்தை எடுத்துவிட்டுப் பழனி போகிற கூட்டமாக மாற்றி. ஒரு பெண் 31 என்று எழுதியிருந்தாள். ஏம்மா, மீதி பன்னிரண்டு பேர் என்ன ஆனார்கள் என்றேன். "பன்னெண்டு பேரு நின்னுட்டே போயிக்கலாமுங்க சார். நம்ம டவுன் பஸ்ல நிக்கறதுக்கு இல்லாத எடமா?" என்றாள். விடைக்குறிப்பின்படி அவளுக்குச் சுழியம். 32 எழுதியவர்களையும் கேட்டேன். ஒருவன் 'மீதி வந்தா ஒண்ணு கூட்டோணும்' என்பது விதி என்றான். ஏன் என்று தெரியாது.

எழுதிய விடையை மட்டும் பார்த்துத் திருத்தினால் அந்தப் பெண், இந்தப் பையன் இரண்டு பேரில் யார் யோசித்தது என்று தெரியவே தெரியாது. 1993இல் எட்வர்ட் சில்வரும் கூட்டாளிகளும் இதே மாதிரிக் கணக்கில் விளக்கமும் எழுதச் சொன்னபோது, 'தப்பான' விடைகளுக்குப் பின்னால் நியாயமான காரணங்கள் சில கிடைத்தன.

17 ஜூன்

பல்லடத்திலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: "ஒரு வண்டிக்கு 36 பேர்தான் ஏறுவார்கள் என்று எழுதியவர் எந்த ஊர்?" நம்ம ஊர் வண்டியில் அது காலைக் காட்சிக்குப் போகிற கூட்டம்.

22 ஜூன்

கோபி வாசகருக்கு இப்போது கொஞ்சம் ஆதரவாகப் பேசுகிறேன். அவர் பக்கம் நிற்கிற ஆராய்ச்சியும் வலுவாகவே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர், 1980களில். புதிர் மாதிரிக் கணக்கைக் கொடுத்தால் பிள்ளைகள் எப்படியோ விடைக்கு வந்து சேர்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்குக்குள் இருந்த விதியைக் கற்றுக்கொள்வதில்லை என்று கவனித்தார். ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்க முடிவது கொஞ்சம்தான். 'விடை எங்கே, நான் எங்கே, அடுத்து என்ன' என்று தேடுவதிலேயே அந்த இடம் நிறைந்துவிட்டால் கற்பதற்கு இடம் மிஞ்சாது. ஆகவே தொடக்கத்தில் முழுதாகச் செய்து காட்டிய கணக்குகளைப் படிக்கக் கொடுங்கள் என்றார். 1985இல் அவரும் கூப்பரும் இயற்கணிதத்தில் இதைச் சோதித்தார்கள். செய்து காட்டியதைப் படித்தவர்கள், அதே மாதிரிக் கணக்குகளை வேகமாகவும் குறைந்த தவறோடும் செய்தார்கள்.

2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 'பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்' என்று விட்டுவிடுவது ஏன் வேலைக்காகாது என்று ஒரு கட்டுரை போட்டார்கள். பெரிய சண்டை. மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. ஆய்வேட்டுக்காரர்களுக்குத் தீபாவளி.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. நம் மாநிலத்தில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்த காலத்தில், 2007க்கு அப்புறம், என் தங்கை ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இருந்தாள். நல்ல திட்டம். பிள்ளைகள் பயமில்லாமல் பேசினார்கள். ஆனால் கழித்தலில் கடன் வாங்குவதை மட்டும் அட்டை சொல்லித்தரவில்லை. அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, பழைய பாணியில், ஒவ்வொரு படியாகப் போட்டுக் காட்டினாள்.

29 ஜூன்

மேலே எழுதியதைப் படித்து அவிநாசி நண்பர் ஒருவர் சந்தோஷப்பட்டு, "அப்படியானால் செய்து காட்டு, போடச் சொல், முடிந்தது கதை" என்கிறார். அவ்வளவு சீக்கிரம் முடியாது.

ஒன்று, செய்து காட்டுவதன் பலன் புதியவர்களுக்குத்தான். தேறிய பிள்ளைக்கு அதே எடுத்துக்காட்டு இடைஞ்சல். தானே போட விட்டால்தான் மேலே போகிறது. இதை 2003இல் ஸ்வெல்லரின் சொந்தக் கூட்டாளிகளே, கல்யூகா முதலானோர், அவரோடு சேர்ந்து எழுதினார்கள்.

இரண்டு, மனு கபூர். சிங்கப்பூரில் இருந்தபோது செய்தது. இப்போது சூரிச்சில் இருக்கிறார். 2008இலிருந்து எழுதிவருகிறார். பாடம் நடத்துவதற்கு முன்பே கணக்கைக் கொடுத்து, தடுமாற விட்டு, அதற்கு அப்புறம் பாடம் நடத்து. தடுமாறியபோது பிள்ளைகள் போட்ட வழிகள் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஆசிரியர் சொல்லும் முறை ஆழமாக இறங்குகிறது என்கிறார். 2021இல் இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோதும், நிபந்தனைகளோடு, பலன் இருப்பதாகவே வந்தது.

கபூரும் ஸ்வெல்லரும் எதிரெதிர் என்று நினைத்துத்தான் நான் முதலில் படித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கபூர் பாடம் நடத்தவே வேண்டாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. தடுமாற்றத்துக்கு அப்புறம் வரும் பாடம்தான் அவர் முறையின் உயிரே. பயிற்சிக் கூட்டங்களில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, "பிள்ளைகளைத் திணற விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். திணறிய பிள்ளையிடம் திரும்பி வருவது யார்?

எந்தக் கணக்கில் தடுமாற விடலாம் என்பதிலும் பார்த்து எடுக்க வேண்டும். கபூரின் பேர்போன உதாரணம் பரவல்: இரண்டு ஆட்டக்காரர்களில் யார் சீராக ஆடுகிறார் என்று ஓட்டங்களைப் பார்த்துச் சொல்வது போன்றது. சராசரி தெரிந்த பிள்ளை ஏதாவது ஒன்று போட்டுப் பார்க்கும், வீச்சு எடுக்கும், படம் வரையும். திட்ட விலக்கத்துக்கு முன்னால் நானும் இதைச் செய்கிறேன், நன்றாகவே போகிறது. காரணிப்படுத்தலில் செய்தால் பெல் அடிக்கும்வரை பிள்ளைகள் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிடிக்க ஒரு கொம்பாவது வேண்டுமே.

6 ஜூலை

எனக்குச் சொல்ல ஒரு விஷயம்தான் இருக்கிறது. இதுவரை எழுதியதெல்லாம் அதற்கு முன்னுரை.

நம் புத்தகத்தில் 'பயிற்சி 7.2' என்று தலைப்பு இருக்கிறது. அதற்கு மேலே கன அளவுச் சூத்திரங்கள். அதற்குக் கீழே வரும் எல்லாக் கணக்கும் கன அளவுதான் என்று பிள்ளைக்குத் தெரியும். கூம்பு என்ற சொல்லைத் தேட வேண்டும், ஆரம், உயரம் என்ற எண்களைப் பொறுக்க வேண்டும், போட வேண்டும். எந்த வழி என்ற கேள்வியே எழவில்லை. வழியைப் பயிற்சி எண்ணே சொல்லிவிட்டது. பிறகு அரையாண்டில் எல்லாம் கலந்து வரும்போது, "சார், இது எந்தச் சாப்டர்?" என்கிறான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் மீதியைப் போட்டுவிடுவான். அவனுக்குத் தெரியாதது அது மட்டும்தான். நாம் ஆண்டு முழுவதும் பழக்காததும் அது மட்டும்தான்.

ஃபுளோரிடாவில் டக் ரோரர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். 2007இல் அவரும் டெய்லரும் செய்த சோதனை ஒன்றை ஆய்வேட்டில் கட்டாயம் சேருங்கள். கல்லூரி மாணவர்களுக்குப் பழக்கமில்லாத நான்கு திண்மங்களின் கன அளவு. ஒரு குழு ஒவ்வொரு வகையாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனது. இன்னொரு குழுவுக்கு நான்கு வகையும் கலந்து வந்தன. பயிற்சி நடக்கும்போது வகைவகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி; கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு. வகைவகையாகப் போட்டவர்கள் 20. கலந்து போட்டவர்கள் 63.

திரும்ப ஒரு தடவை அந்த எண்களைப் படியுங்கள். பயிற்சியின்போது யார் நன்றாகச் செய்ததுபோல் தெரிந்ததோ அவர்களே பிறகு விழுந்தார்கள். நாம் நோட்டைத் திருத்தி 'நன்று' போடுவது அந்த 89ஐப் பார்த்துத்தான்.

கல்லூரி, ஆய்வுக்கூடம் என்று ஒதுக்க வேண்டாம். 2020இல் இதையே ஏழாம் வகுப்பு அறைகளில், 54 வகுப்புகளில், மாதக்கணக்கில் செய்தார்கள். கணக்குகள் அதே கணக்குகள். வரிசை மட்டும் வேறு. ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் தேர்வு. கலந்து போட்டவர்கள் 61, மற்றவர்கள் 38. புதிய புத்தகம் இல்லை, கணினி இல்லை, முதன்மைக் கல்வி அலுவலர் (சிஇஓ) அனுமதி இல்லை.

நான் செய்வது இது. பத்தாம் வகுப்பு அளவியலில் தினமும் கடைசிப் பத்து நிமிடம், எதையும் போடக் கூடாது. கணக்கை வாசிப்பேன். வளைபரப்பா, மொத்தப் பரப்பா, கன அளவா, இல்லை இரண்டைச் சமப்படுத்தணுமா, இல்லை இது அளவியலே இல்லாமல் முக்கோணவியலா? கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும், காரணத்தோடு. ஆரம்பத்தில் வகுப்பு வெறுத்தது. நன்றாகப் படிக்கும் பெண்கள்தான் முதலில் முறைத்தார்கள், வழக்கமாகச் சரியாக வருவது அவர்களுக்கே தப்பியது. ஒரு தாயார் பள்ளிக்கே வந்து, "புள்ள முந்தி நல்லாத்தானுங்க போட்டுட்டிருந்தா" என்று வருத்தப்பட்டார். ரோரரின் 60ஐ அவருக்கு எப்படி விளக்குவது? டிசம்பர் வரைக்கும் பொறுத்துக்குங்க அக்கா என்றேன்.

அப்படி ஒரு நாள் கிணற்றுக் கணக்கு வந்தது. இவ்வளவு விட்டம், இவ்வளவு ஆழம், தோண்டிய மண்ணைச் சுற்றிலும் பரப்பி மேடை கட்டினால் உயரம் என்ன. எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். முதல் ஆட்சேபம்: "நம்மூர்ல கெணறு சதுரமாத்தானுங்க சார் இருக்குது." நியாயம். கொங்குத் தோட்டத்துக் கிணறு பாறையை வெட்டி இறக்கிய பெரிய சதுரம். சரி, வட்டக் கிணறு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஆட்சேபம், அப்பா பொக்லைன் ஓட்டுகிற பையனிடமிருந்து: "வெட்டுன மண்ணு அதே அளவுல இருக்காதுங்க. பொலபொலன்னு ஆகி ஏறிக்கும். ஒரு லோடுன்னு கணக்குப் போட்டா ஒண்ணே கால் வருமுங்க." ஆமாம், தோண்டிய மண் பருத்துக்கொள்ளும், கட்டடக்காரர்களுக்கெல்லாம் தெரிந்தது. இரண்டு கன அளவும் சமம் என்று எடுப்பது அங்கே ஓர் அனுமானம், அதைப் புத்தகம் சொல்வதில்லை. பெல்ஜியத்தில் ஃபெர்ஷாஃபலும் குழுவினரும் 1994இலிருந்து எழுதுவது இதைத்தான்: பள்ளிக்கூடக் கணக்கு என்றவுடன் பிள்ளை உலக அறிவை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வருகிறது. இந்தப் பையன் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டான். பொதுத்தேர்வில் இப்படி எழுதிவிடாதே என்று சொல்ல வேண்டியதும் என் கடமையாகிவிட்டது, என்ன செய்ய.

8 ஜூலை

எப்படிக் கலப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். புதிய பாடம் நடத்தும் அன்று கலக்காதீர்கள். அன்றைக்கு ஸ்வெல்லர் சொன்னபடி செய்து காட்டி, ஒரே வகையில் மூன்று நான்கு போட வையுங்கள். மறுநாளிலிருந்து வீட்டுப்பாடத்தில் புதியது ஒன்றிரண்டு, பழைய பாடங்களிலிருந்து மீதி. பார்க்க ஒரே மாதிரி இருந்து வழி வேறாக இருக்கும் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பலன். தனிவட்டி, கூட்டுவட்டி. கூட்டுத்தொடர், பெருக்குத்தொடர். பயிற்சி எண்ணை எழுதிப் போடாதீர்கள், கைடைப் புரட்டிவிடுவார்கள்.

மெல்லக் கற்போர் என்று நாம் தனியே உட்கார வைத்து தேர்ச்சிக்குப் போதுமான 'மினிமம் மெட்டீரியல்' கொடுக்கிறோமே, அவர்களுக்கு இது ஆகுமா என்று கேட்ட கரூர் நண்பருக்கு: வரைபடமும் செய்முறை வடிவியலும் தேறாத பிள்ளையிடம் ஜனவரியில் போய் இதைச் செய்யாதீர்கள். ஜூன் என்றால் செய்யலாம்.

13 ஜூலை

கோபி வாசகர் மறுபடி வந்திருக்கிறார். "நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு ரத்தத்திலேயே உண்டு. மஞ்சள் மண்டியிலும் தேங்காய்க் களத்திலும் வளர்ந்தவர்கள்" என்கிறார். ரத்தத்தில் இருப்பது சர்க்கரை. கணக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர்களிடம் நூனெஸ், கரேஹர், ஷ்லிமன் செய்த ஆய்வு 1985இல் வந்தது. பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பிடிக்கும், அதில் தேங்காய் வருகிறது. ஒரு காய் 35, பத்துக் காய் எவ்வளவு? பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று காய் 105 என்று பிடித்து, மூன்று மூன்றாக ஏற்றி 315க்கு வந்து, இன்னொன்று சேர்த்து 350 என்கிறான். பத்தால் பெருக்க ஒரு சுழியம் சேர்ப்பது அவனுக்குத் தேவைப்படவில்லை. கடைத்தெருவில் இந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரி. அதே எண்களை வார்த்தைக் கணக்காகக் கொடுத்தால் 74. வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தால் 37.

2025 பிப்ரவரியில் நேச்சர் இதழில் பானர்ஜி, டூஃப்ளோ, ஸ்பெல்கி முதலானோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் செய்த ஆய்வு வந்திருக்கிறது. சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகள் கலவையான வியாபாரக் கணக்கை மனதிலேயே போடுகிறார்கள், பள்ளித் தாளில் தடுமாறுகிறார்கள். இது தெரிந்த கதை. புதியது மறுபாதி: வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகள் தாளில் செய்கிறார்கள், சந்தைக் கணக்கில் விழுகிறார்கள். இரண்டு பக்கமும் பாலம் இல்லை.

என் வகுப்பில் ஒரு பையன். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங். சனிக்கிழமைச் சம்பளத்தைச் சரிபார்ப்பது இவன்தான். வாரத்தில் நான்கு நாள் ஒன்றரை ஷிப்ட், இரண்டு நாள் ஒரு ஷிப்ட், ஷிப்டுக்கு 420. "நாலு ஒண்ணரை ஆறு, ரெண்டு, எட்டு ஷிப்ட்டுங்க. எட்டு நானூறு மூவாயிரத்து எரநூறு, எட்டு இருவது நூத்தி அறுவது, மூவாயிரத்து முந்நூத்தி அறுவது. அட்வான்சு ஐநூறு போனா ரெண்டாயிரத்து எண்ணூத்தி அறுவது." மூச்சு விடாமல் சொல்வான். அடுத்த வாரம் கரும்பலகையில் 8(400 + 20) என்று எழுதி விரிக்கச் சொன்னேன். 3200 + 20 என்று எழுதினான். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 20க்கு எட்டு போய்ச் சேரவில்லை. பக்கத்தில் 'ஷிப்ட்' என்று மட்டும் எழுதினேன். பார்த்தான், அழித்தான், 160 போட்டான். "இது அதுதானுங்களா?" என்றான்.

பங்கீட்டுப் பண்பு அவன் தினமும் கையாள்வதுதான். அதற்கு இந்தப் பெயர், இந்த அடைப்புக்குறி என்று யாரும் காட்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஷிப்டாக மாற்றிவிடலாம் என்று கிளம்பவும் முடியாது. x² வரும்போது எந்தக் கம்பெனிச் சம்பளம் உதவும்?

22 ஜூலை

எல்லோரும் செயற்கை நுண்ணறிவைக் கேட்கிறீர்கள். கடந்த மூன்று நான்கு நாளில், சர்வதேசக் கணித ஒலிம்பியாட் வினாத்தாளில் இரண்டு நிறுவனங்களின் நிரல்கள் 42க்கு 35 எடுத்து, தங்கப் பதக்க மட்டத்தை எட்டியதாகச் செய்தி. என் எட்டாம் வகுப்பு இதைக் கேட்டு அதிர்ச்சி அடையவில்லை. "அப்ப வீட்டுப்பாடம் அதுகிட்ட குடுத்தறலாமுங்களா சார்?"

துருக்கியில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வு சில வாரங்களுக்கு முன் அச்சில் வந்தது. சாட்ஜிபிடி மாதிரி ஒன்றை அப்படியே கொடுத்தபோது பயிற்சியில் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. பிறகு அதைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி கட்டுப்படுத்திய வடிவத்தில் அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. 6 ஜூலை குறிப்போடு சேர்த்துப் படியுங்கள். பயிற்சியின்போது நன்றாக வருவது கற்றதற்கு அடையாளம் இல்லை என்பது மறுபடியும், வேறு வாசல் வழியாக.

இன்னொரு வேடிக்கை. 2024இல் ஆப்பிள் நிறுவனத்து ஆய்வாளர்கள் இந்த நிரல்களுக்குப் பள்ளிக் கணக்கில் சம்பந்தமில்லாத ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இவ்வளவு கிவிப் பழம் பறித்தார், அதில் ஐந்து கொஞ்சம் சிறியவை, மொத்தம் எத்தனை? சில நிரல்கள் அந்த ஐந்தைக் கழித்துவிட்டன. ஆட்டுக்காரர் வயதைச் சொன்ன பிள்ளைகளின் தூரத்து உறவு.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்கு இது முறை இல்லை, அதனால் வீட்டில் குழாய்த் தண்ணீரில் பெருக்கு.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது. இப்போது ஆராய்ச்சியில் சூடான பகுதி, பிள்ளைகளையே கணக்கு உருவாக்க வைப்பது. 1994இல் சில்வர் எழுதியதிலிருந்து ஆரம்பித்து இப்போது சீனா, அமெரிக்கா என்று பெருகியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். பெரும்பாலும் புத்தகக் கணக்கில் ராமுவை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி மட்டும்: "தலைமடைத் தோட்டத்துக்கும் கடைமடைத் தோட்டத்துக்கும் ஒரே அளவு நிலம். கடைமடைக்கு வரும்போது தண்ணீர் பாதியாகிவிடுகிறது. யார் யாருக்கு எத்தனை மணி நேரம் விட்டால் நியாயம்?" எண்ணே இல்லாத கணக்கு. இரண்டு பீரியட் சண்டை. பாதியாகிறது என்றால் கசிந்தா, திருடியா என்பதில் தொடங்கி, தலைமடைக்காரர் மகன் கோபித்துக்கொண்டதுவரை போனது. முடிவில் ஒன்றுக்கு இரண்டு என்று சொன்னவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் பங்கு பிரிக்க மொத்த நேரம் எவ்வளவு என்பது கொடுக்கப்படவே இல்லை என்று அவளே கடைசியில் சொன்னாள்.

10 ஆகஸ்ட்

மாநிலக் கல்விக் கொள்கை வந்து, 2025-26 கல்வியாண்டிலிருந்து பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லை என்றாகிவிட்டது. நாமக்கல் பக்கத்து நண்பர் கவலைப்படுகிறார், காரணத்தோடுதான். 2017-18இல் அந்தத் தேர்வு வந்ததற்குக் காரணமே, விடுதிப் பள்ளிகள் சில பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருட்டியதுதான். இரண்டு ஆண்டு ஒரே பாடத்தை வகைவகையாகப் போட்டால் மதிப்பெண் வரும். பொறியியல் முதல் பருவத்தில் அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு தனி இழைக்கு உரியது.

பத்தாம் வகுப்பில் கட்டாய வினா இரண்டு, 28உம் 42உம், புத்தகத்தில் இல்லாத கணக்காக வருகின்றன. பிள்ளைகள் அவற்றைக் கிரியேட்டிவ் என்று சொல்லித் தொடாமலே விட்டு வருகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் பழக்கமான கணக்குத்தான், பயிற்சி எண் மட்டும் ஒட்டவில்லை. பிசா என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டின் 2009 சுழற்சியில் தமிழ்நாடு கணிதத்தில் 351 வாங்கிக் கடைசி வரிசையில் நின்றபோது, தேர்வு நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத வகை என்று சமாதானம் சொன்னார்கள். பழக்கமில்லாததைச் செய்கிறார்களா என்று பார்க்கத்தானே அந்தத் தேர்வே.

16 ஆகஸ்ட்

கோபி வாசகர் தனி மடலில் கேட்டதற்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும். அத்தியாயத்தைக் காலவரிசையில் எழுதாதீர்கள். போல்யா, ஷோன்ஃபெல்ட், ஸ்வெல்லர், கபூர் என்று அடுக்கினால் உங்களுக்கே தூக்கம் வரும். 'வழியைத் தேர்ந்தெடுப்பது யார்: புத்தகமா, ஆசிரியரா, பிள்ளையா, இப்போது இயந்திரமா' என்று ஒரு கேள்வியை வைத்து எல்லோரையும் அதற்குப் பதில் சொல்ல வையுங்கள்.

களப்பணிக்கு இரண்டு பள்ளிகள் கிடைத்திருக்கின்றன என்கிறீர்கள். ஒரு பள்ளியில் கலந்து, இன்னொன்றில் வகைவகையாக என்று வைக்காதீர்கள். ஆசிரியர் வேறானால் எல்லாம் வேறு. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு பிரிவு எடுத்து, அதே ஆசிரியர், அதே கணக்குகள், வரிசை மட்டும் வேறு. காலாண்டுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள், விடுமுறைக்கு அப்புறம் தேர்வு வையுங்கள். பாடம் முடிந்த மறுநாளே வைத்தால் வகைவகையாகப் போட்டவர்கள்தான் ஜெயிப்பார்கள், உங்கள் வழிகாட்டியும் சிரிப்பார். விடைத்தாளில் ஒரு கட்டம் அதிகம் போடுங்கள்: 'இந்த வழியை ஏன் எடுத்தாய்?' அதைத் திருத்த ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.